எம்.ஜி.ஆர். 100 ரூபாய் புரூஃப்: 45 டிகிரி கண்ணாடியும் எதிரே ஒரு கறுப்பு வெல்வெட்டும்

எம்.ஜி.ஆர். நூற்றாண்டு 100 ரூபாய் புரூஃப் நாணயத்தின் (சேகரிப்போருக்காகக் கண்ணாடிபோல் பளபளக்க அச்சிடுவது) உருவப் பக்கம் ஒருவழியாக நினைத்தபடி படத்தில் வந்துவிட்டது. உருவத்தைச் சுற்றியுள்ள பளபளப்பான தளம் முழுக்க ஒளிர்கிறது, விளிம்போரம் ஏறியிருக்கும் பொன்னிற டோனிங், அதாவது நாளடைவில் படியும் நிறப் படலம், அப்படியே தெரிகிறது. கறுப்புத் தளம், வெள்ளை உருவம் என்ற வேறுபாட்டை (கேமியோ) காட்டப் பக்கவாட்டு விளக்கு போதும். டோனிங் மட்டும் அதில் சிக்காது. மெல்லிய படலத்தின் நிறம், பட்ட ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பும் கோணத்தில்தான் தெரியும். அதற்கு நாணயத்துக்கு மேலே 45 டிகிரியில் சாய்த்த, ரசம் பூசாத வெறும் கண்ணாடிதான் வழி: பக்கத்து விளக்கின் ஒளியை அது கீழே நாணயத்துக்குத் திருப்பும், மேலே இருக்கும் லென்ஸ் அதன் ஊடாகவே நாணயத்தைப் பார்க்கும்.

இந்த அமைப்பில் பலரும் கைவிடுவது படம் வெளிறிப்போவதால். விளக்கை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு வெண்புகை. காரணம் விளக்கு அல்ல, எதிர்ச்சுவர். கண்ணாடி ஏறக்குறைய 10 சதவீத ஒளியைத்தான் கீழே நாணயத்துக்கு அனுப்புகிறது. மீதி ஊடுருவி எதிர்ப்பக்கம் போய் விழுகிறது. அங்கே வெள்ளைச் சுவர் இருந்தால், கண்ணாடியின் மேல்முகம் அந்தச் சுவரை நேரே லென்ஸுக்குள் பிரதிபலிக்கும். கறுப்பு சார்ட் அட்டை போதாது, அதற்கும் மினுமினுப்பு உண்டு. வெல்வெட்தான் வேண்டும், அதையும் கண்ணாடியிலிருந்து ஓர் அடி தள்ளித் தொங்கவிட வேண்டும். இந்த ஒரு துணி செய்யும் வேலையை எந்த மென்பொருளும் செய்யாது!

அடுத்தது, நடு வெளிச்சமாகவும் ஓரம் இருட்டு வளையமாகவும் வருவது. ஒளிப்பரப்பு சிறிது என்று அர்த்தம். லென்ஸ் 35 செ.மீ. உயரத்தில், விளக்கு கண்ணாடி வழியாக 15 செ.மீ. தூரத்தில் என்றால், 44 மி.மீ. நாணயத்துக்கு 44 × 50 ÷ 35, அதாவது குறைந்தது 63 மி.மீ. அகல ஒளிப்பரப்பு தேவை. 10 செ.மீ. சட்டத்தில் பட்டர் பேப்பர் ஒட்டி, பின்னால் எல்.இ.டி. வைத்தால் கவலையில்லை. விளக்கு நாணயத்தை நேரடியாகப் பார்க்காதபடி இடையில் குட்டையாக ஒரு கறுப்புத் தடுப்பு வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தூசியும் நட்சத்திரமாக மின்னும்.

கண்ணாடிக்குப் போட்டோ பிரேம் கடையே போதும்: 2 மி.மீ. கனம், 10 × 8 செ.மீ., ஓரம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். ஜன்னல் கண்ணாடி வேண்டாம், கனம் கூடக் கூடக் கூர்மை குறையும். நாணயத்தை அதன் பிளாஸ்டிக் உறையான கேப்ஸ்யூலோடு எடுத்தால் பிளாஸ்டிக்கும் ஒளியை லென்ஸுக்குத் திருப்பிவிடும், திறந்துதான் ஆக வேண்டும். நைட்ரைல் கையுறை, விளிம்பில் மட்டும் பிடி, தூசிக்கு ஊது பம்பு. துணி, பிரஷ் எதுவும் தளத்தில் படவே கூடாது. திறந்த நாணயத்தின் மேல் பேசவும் கூடாது. எச்சில் துளி நாளடைவில் கறையாகும்.

கேமராவில் எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, 2 விநாடி டைமர். தளம் வெளுத்துப்போகாமல் எக்ஸ்போஷர் வைத்தால் ஃபிராஸ்ட் முகம், அதாவது மங்கலாகச் சொரசொரப்பாக்கிய உருவம், கறுக்கும். முகத்துக்குத் தனியாக இன்னொரு படம் எடுத்து இணைக்கலாம், ஆனால் தளத்தின் உண்மையான தன்மை ஒற்றைப் படத்தில்தான் இருக்கிறது.

சிங்க முத்திரைப் பக்கம் இன்னும் பாக்கி. அதற்குள் அதே செட்டில் உள்ள 5 ரூபாய் கண்ணை இழுக்கிறது. 23 மி.மீ. தான், நிக்கல் பித்தளை. சட்டகம் நிறைய எடுக்க லென்ஸ் கீழே இறங்க வேண்டும், 60 மி.மீ. மேக்ரோ (நெருங்கி எடுக்கும்) லென்ஸில் சாய்ந்த கண்ணாடிக்கு இடமே மிஞ்சாது. 100 மி.மீ. லென்ஸும், கண்ணாடியை 6 செ.மீ. ஆகக் குறைப்பதும்தான் அடுத்த ஏற்பாடு.