தாத்தா எழுதிய ராஜினாமாக் கடிதம்

என் அப்பா 21 வயதில் ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்தார். 60 வயதில் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வெளியே வந்தார். அந்தக் கடிகாரம் முதல் நாளிலிருந்தே பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. சரிசெய்ய யாரையும் அவர் அனுமதிப்பதில்லை. “நிறுவனம் கொடுத்தது. அது காட்டுவதுதான் நேரம்” என்பார். எனவே எங்கள் வீட்டில் எல்லோரும் மணி பார்த்துவிட்டுப் பத்தைக் கழித்துக்கொள்வோம்.

என் மகனுக்கு 24 வயது. இப்போது பார்ப்பது மூன்றாவது வேலை. போன ஞாயிறு மாலை, குடையை எடுத்து வைப்பதுபோல் சாதாரணமாக, “இந்த வேலையையும் விடப்போகிறேன்” என்றான்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரோடாவது சண்டையா?”

“இல்லை தாத்தா.”

“சம்பளம் தரவில்லையா?”

“ஒழுங்காகத் தருகிறார்கள். அங்கே கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை.”

“கற்றுக்கொள்ளத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோமே. அலுவலகத்துக்கு எதற்குப் போகிறாய்?”

நான் நடுவில் புகுந்து இருவருக்கும் நியாயம் சொல்லப் பார்த்தேன். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. எனக்கு அப்பாவைப் போல் சாகும்வரை மாதாமாதம் வரும் ஓய்வூதியமும் கிடையாது. மகனைப் போல் உதறிவிட்டுப் போகும் துணிச்சலும் கிடையாது. என் முதுமைக்கான சேமிப்பு பங்குச் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. சில மாதங்களில் நான் 62 வயதில் ஓய்வு பெறுவேன் என்று கணக்கு சொல்கிறது. சில மாதங்களில் 81 என்கிறது.

“உங்கள் தலைமுறைக்கு விசுவாசம் என்பதே இல்லை” என்றார் அப்பா.

மகன் கைபேசியைத் தேடி எடுத்தான். 1913-இல் ஃபோர்டு கார் ஆலையில் சுமார் 14,000 பேர் வேலை பார்த்தார்களாம். அந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க, அந்த ஓராண்டில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்ததாம். நாள் முழுக்க ஒரே திருகாணியை முறுக்கப் பிடிக்காமல் வந்தவர்கள் வந்த வழியே போய்க்கொண்டிருந்தார்கள். 1914 ஜனவரியில் ஒரு நாள் ஊதியத்தை 5 டாலராக்கி, வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறைத்த பிறகுதான் ஆட்கள் தங்கினார்கள்.

“பார்த்தாயா! கடைசியில் தங்கினார்கள் அல்லவா?” என்றார் அப்பா, வென்றுவிட்ட குரலில்.

“ஏன் தங்கினார்கள் தாத்தா?”

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பதில் வராதபோது அங்கேதான் பார்ப்பார்.

பேச்சை மாற்றலாம் என்று நானும் எனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டேன். 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, அதற்கான வயது 70. அது 65 ஆகக் குறைந்தது 1916-இல்தான். “இத்தனை வயதில் ஓய்வு என்பதெல்லாம் அரசாங்கங்கள் போட்ட கணக்கு அப்பா, அவ்வளவுதான்” என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னது.

“எழுபதா?” என்றார் அப்பா. “அப்படியானால் என்னைப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்களே!”

ஓய்வு பெற்று 18 ஆண்டுகள் ஆகின்றன. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இதற்குள் மகன் ராஜினாமாவைத் தட்டச்சு செய்து முடித்திருந்தான். “வணக்கம். இம்மாதம் 28 என் கடைசி வேலைநாள். நன்றி.” அவ்வளவுதான். அப்பா அதைப் படித்துவிட்டு, “இது கடிதமா, தண்ணீர் வராது என்று ஒட்டும் அறிவிப்பா? சோறு போட்ட இடத்தில் முறையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டாமா?” என்று பேனாவைக் கேட்டார்.

மூன்று வரைவுகள், இரண்டு மணி நேரம். சிக்கல் என்னவென்றால், அவர் வாழ்க்கையில் ராஜினாமாக் கடிதமே எழுதியதில்லை. விடுப்பு விண்ணப்பம் மட்டும்தான் எழுதியிருக்கிறார். ஆகவே கடிதம் இப்படி முடிந்தது: “எனவே, எனக்கு 28-ஆம் தேதி முதல் நிரந்தர விடுப்பு அளித்து உதவுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள.”

மகன் சிரிக்கவில்லை. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் தட்டச்சு செய்தான். அந்த ஒன்றுக்காகவே அவனுடைய முந்தைய இரண்டு ராஜினாமாக்களையும் மன்னித்துவிட்டேன். மேலாளருக்கு மின்னஞ்சல் போனது.

அரை நிமிடத்தில் தானியங்கிப் பதில் வந்தது. தாங்கள் தொடர்புகொள்ள முயன்றவர் இந்நிறுவனத்தில் இப்போது பணியில் இல்லை.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“எப்போது போனாராம்?”

“வெள்ளிக்கிழமை வரை இருந்தார்.”

“என்ன வயது?”

“31 இருக்கும்.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்படியானால் அந்த நாற்காலி இப்போது காலிதானே?”

மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனான். கழிக்க மறந்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை.