க்வைட் குட்டுக்குக் கேசரிபாத்

எட்டு வருடம் ஆகிறது. அப்போது பெங்களூரில் டொம்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். இங்கிருந்து இங்கிலாந்துக்காரர்களிடம் ஃபோனில் பேசுகிற பிள்ளைகளின் அழைப்புகளைக் கேட்டு மார்க் போடுவது வேலை. மாதக் கடைசியில் நான் அனுப்பிய ரிப்போர்ட்டுக்கு அங்கேயிருந்த மேனேஜர் இரண்டே வார்த்தையில் பதில் போட்டிருந்தார்: 'க்வைட் குட்.'

அதை அப்படியே ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். காலையில் அல்சூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் வாசல் வரைக்கும் நெய் வாசனை. கேசரிபாத். "வெள்ளைக்காரனே நல்லா இருக்குன்னு சொல்லிட்டான்" என்று பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து கேன்டீனில் ஒரு சீனியரிடம் பெருமையாகச் சொன்னேன். இங்கிலாந்தில், லீட்ஸில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவர். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அது பரவாயில்லைங்கற மாதிரிம்மா" என்றார். ஆறுதலாக இன்னொன்றும் சொன்னார்: அமெரிக்கக்காரர் எழுதியிருந்தால் அது நிஜமாகவே பாராட்டாக இருந்திருக்குமாம். அந்த வருடம் அப்ரைசலில் ஐந்துக்கு மூன்று வந்தது. அதற்கு அப்புறம் எனக்கு இந்த வார்த்தைகள்மேல் ஒரு கண்.

க்வைட் ஒரு விசித்திரப் பிறவி. கடன், கணக்கு எல்லாம் தீர்ந்து விடுபட்ட நிலையைச் சொல்கிற 'க்விட்'டிலிருந்து வந்தது. அதனால் முதலில் அதற்கு 'முழுக்க' என்றுதான் பொருள். இன்றைக்கும் 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் சுத்தமாக முடியாது. ஆனால் குட், நைஸ், ஹாப்பி என்று கூடவும் குறையவும் கூடிய சொற்களுக்கு முன்னால் வந்தால், பிரிட்டிஷ்காரர் வாயில் சுருதி இறங்கிவிடுகிறது. அதிலும் அழுத்தம் க்வைட்மேல் விழுந்தால் அது சுமார். குட்மேல் விழுந்தால் கொஞ்சம் தேவலை. எழுத்தில் வந்த எனக்கு அழுத்தம் எங்கே என்று எப்படித் தெரியும்?

ஹெட்ஃபோனில் நான் கேட்டதில் பாதி 'வெரி'தான். நம் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டால் ஒரு வெரி போதாது, 'வெரி வெரி சாரி' என்பார்கள். வெரி கூடக் கூட எதிர்முனைக் குரலில் கடுப்பும் கூடும். இதில் வேடிக்கை, அந்தச் சொல் பழைய பிரெஞ்சில் 'உண்மையான' என்ற பொருளில் இருந்தது. உண்மை தேய்ந்துதான் வெறும் 'ரொம்ப' ஆனது. அது தேய்ந்ததும் 'ரியலி'யைப் பிடித்தார்கள், அதுவும் உண்மைதான். நாமும் 'உண்மையிலேயே நல்லா இருக்கு' என்று ஆரம்பித்தாயிற்று. பயத்தையும் இரண்டு பேருமே விட்டுவைக்கவில்லை. 'டெரிப்லி' என்று அவர்கள் திகிலைக் கூப்பிட்டால் நாம் 'பயங்கரமா நல்லா இருக்கு' என்கிறோம். ஆனால் 'அநியாயத்துக்கு நல்லவன்' என்பதற்கு நிகராக அங்கே ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நம்முடைய ரொம்ப எங்கிருந்து வந்தது என்று எனக்கு உறைத்தது குழாயடியில். எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். அக்கா "குடம் ரொம்பிடுச்சு பாரு" என்று கத்தினாள். அதே நேரம் எதிர்வீட்டுக் கன்னட அம்மா தன் மகளிடம் "கொட தும்பிது" என்றார். ஒரு நிமிஷம் வாளியை மறந்து நின்றுவிட்டேன். நிரம்ப என்பதுதான் ரொம்ப. கன்னடத்தில் நாள் முழுக்கக் கேட்கிற 'தும்பா சென்னாகிதே'யில் உள்ள தும்பாவும் நிரம்புவதுதான். அங்கே உண்மை, இங்கே குடம்!

எங்கள் பின்வீட்டுத் தெலுங்குக்காரர்களின் 'சாலா பாகுந்தி'யும் அந்நியமில்லை. நன்னூல் மிகுதிக்கு ஆறு சொல் கொடுக்கிறது: சால, உறு, தவ, நனி, கூர், கழி. அதற்கு முன்பே தொல்காப்பியம் உறு, தவ, நனி மூன்றையும் சொல்லிவிட்டது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் யார் பேசுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டேன். நாம் 'சாலச் சிறந்தது' என்று மேடையில் மட்டும் வைத்திருக்கிற சொல், பின்வீட்டில் சாம்பாருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த வேலையில் இல்லை. சனிக்கிழமைகளில் தெருப் பெண்கள் ஆறேழு பேருக்கு வீட்டிலேயே இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். எல்லோரும் தவறாமல் வந்து விழுகிற குழி 'ஐ வெரி லைக்'. 'ரொம்பப் பிடிக்கும்' என்று தமிழில் வினைக்கு முன்னால் தாராளமாகப் போடுகிறோம், வெரி அங்கே போகாது. வெரி மச் என்று கடைசியில் போக வேண்டும். அடுத்த குழி 'டூ'. டீ டூ ஹாட் என்றால் குடிக்க முடியாத சூடு. நமக்கு ரொம்பச் சூடு என்றால் இரண்டும்தான், குரலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். போன வாரம் ஒரு பெண் என்னிடம், "அப்போ டூ குட்னு எல்லாரும் சொல்றாங்களே, அது திட்டா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நம்ம ஊரில் பாராட்டு என்றேன். லீட்ஸில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம் தரவில்லை.

செக்கச்செவேல், கன்னங்கரேல், பச்சைப்பசேல் எல்லாவற்றுக்கும் இவர்கள் 'வெரி ரெட், வெரி பிளாக், வெரி கிரீன்' என்று எழுதிக்கொண்டு வரும்போது எனக்கு மனசே வராது, ஆனாலும் டிக் போட்டுவிடுகிறேன்.

வகுப்பு நடக்கும்போது அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். க்வைட்டுக்கு அர்த்தம் சொல்லும் நாளில் மட்டும் கதவைச் சாத்திவிடுகிறேன். அந்தக் கேசரிபாத் உண்மையில் எதற்குச் செய்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அன்றைக்கு அதில் சர்க்கரை தூக்கலாக இருந்ததையும் நான் சொல்லவில்லை.