கத்திரி வெயிலில் மூன்றாம் தொனி

மே 5
பெய்ஜிங்கில் ஒன்பது மணி என்றால் கிருஷ்ணகிரியில் ஆறரை. அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டுத்தான் சீன மொழி ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சியில் சேர்ந்தேன். திரையில் எகிப்து, துருக்கி, வியட்நாம் ஆசிரியர்கள். தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

மே 6
மின்சாரம் இல்லை. வகுப்பும் போயிற்று.

மே 8
நாள் முழுக்க மூச்சைப் பற்றியே யோசனை. சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யினில் 'பஸ்'ஸின் முதல் எழுத்தைக் கண்டால் ஓசூரில் என்னிடம் படிக்கும் மாணவர்கள் தொண்டையை அதிரவைத்து ஒலிக்கிறார்கள். சீனத்தில் அங்கே அதிர்வே கிடையாது. 'பல்', 'பழம்' என்று சொல்லும்போது வரும் நம் ப-தான் அது. 'பேப்ப'ரின் எழுத்துக்கு அதே ப, கூடவே பலமான மூச்சு. மாம்பழம் சுற்றி வந்த செய்தித்தாளில் விரலகலம் கிழித்து வாய்க்கு முன் பிடித்தேன். முதல் ஒலிக்குத் தாள் அசையவில்லை. இரண்டாவதற்கு எழும்பி மூக்கில் பட்டது.
1958 முதல் பின்யின் இருக்கிறது. அதை ஆங்கிலம் வழியாகவே விளக்குகிறோம். தமிழில் உள்ள ஒலிக்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு ஏன் போக வேண்டும்?

மே 9
அம்மாவின் கண்ணில் நீர் வடிகிறது. மருத்துவர் திங்களன்று வரச் சொல்கிறார். தூக்கமில்லை.

மே 11
மூன்றாம் தொனி, அதாவது சீன அசைகளைச் சொல்லும் குரலின் நான்கு ஏற்ற இறக்கங்களில் மூன்றாவது. மொழியியலாளர் சாவ் யுவென்ரென் 1930இல் வகுத்த ஐந்து படி அளவில் (1 மிகத் தாழ்ந்தது, 5 மிக உயர்ந்தது) அது 214: இறங்கி, மேலே ஏறும். பலகையில் அப்படித்தான் வரைகிறோம். ஆனால் ஓடும் பேச்சில் பெரும்பாலும் 21தான். இறங்கி அங்கேயே நின்றுவிடும். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாகிவிடும். 'நீ ஹாவ்' என்ற முதல் வணக்கத்திலேயே இது நடக்கிறது. ஆகவே தாழ்ந்த தொனியாகவே தொடங்குங்கள் என்றார் பயிற்சி ஆசிரியை. ஒவ்வோர் அசையையும் வளைத்து இழுத்துத் தவிக்கும் பிள்ளைகளைக் கேட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மே 12
மருத்துவமனை வரிசையில் டோக்கன் சீட்டை வாய்க்கு முன் பிடித்து ஊதிக்கொண்டிருந்தேன். "என்னடி இது, எதிர் பெஞ்சில் அந்தப் பச்சைப் புடவைக்காரி உன்னையே பார்க்கிறாள்" என்றாள் அம்மா. எதிர் பெஞ்சு! பச்சை! அறைக் கதவின் எண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்தாள்.

மே 14
என் மாதிரி வகுப்பு. சீனத்தில் 'மனிதன்' என்ற சொல்லின் முதல் ஒலியை ஆங்கில ர போல என்றுதான் சொல்லித்தருகிறார்கள். நம் ழ அதைவிட எவ்வளவோ நெருக்கம். ஒலித்துக் காட்டினேன். ஆசிரியை மறுபடியும் கேட்டார். இன்னொரு முறையும்.

மே 15
மதிப்பெண் வரவில்லை. ஜூனில் ஓசூர் வகுப்பு உண்டா என்றும் தகவல் இல்லை.

மே 17
தமிழ் ஒலிகளை வைத்தே பாடக் குறிப்பு எழுதுகிறேன். ப, த, க முடிந்தன. ச-வில் நிற்கிறது. சீனத்தில் நாக்கின் இடத்தைப் பொறுத்து அதற்கு மூன்று வரிசைகள். நமக்கு ஒன்றுதான். நடுவரிசைக்கு எதைக் காட்டுவது? அம்மா கூப்பிடுகிறாள்,