கரடி எப்போது செத்தது?

கணக்கு சார் காலமான செய்தி நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது மெல்பர்னில் இரவு பதினொரு மணி. எல்லாரும் அவருடைய கணக்குப் பாடத்தைப் பற்றி எழுதினார்கள். எனக்கு நினைவுக்கு வந்தவை புதன்கிழமைகள். புறப்பாடம் தொடங்குமுன் சிற்றுண்டிச்சாலையில் சிராப் வாங்கிக்கொண்டு அறிவியல் கூடத்தின் கடைசி மேசைக்கு ஓடுவோமே, அந்தப் புதன்கிழமைகள்.

பதிவேட்டில் அது சதுரங்கக் கழகம். பாதிப் பேர் ஆடியது மேஜிக் அட்டை, உயிரினங்களையும் மந்திரங்களையும் மோதவிடும் சீட்டாட்டம். சாருக்குத் தெரியும். 1999இல் ஆறாம் பதிப்போடு வந்த புது விதிகளை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தவரே அவர்தான்.

2000. நான் நான்காம் படிவம், எதிரே முதல் படிவத்துப் பையன். என் கிரிஸ்லி பேர்ஸ் மேல், அதாவது 2/2 (அடிக்கும் வலு இரண்டு, தாங்கும் வலு இரண்டு) கரடி மேல், ஷாக் என்ற மந்திர அட்டையைப் போட்டான். இரண்டு அடி. பதிலுக்கு எதுவும் போடவில்லை என்று தலையாட்டினேன். கரடியை கிரேவ்யார்டில், அதாவது செத்த அட்டைகளின் குவியலில், வை என்று அவன் சொன்ன பிறகுதான் கையிலிருந்த ஜயன்ட் குரோத்தை, அந்தச் சுற்றுக்கு +3/+3 கூட்டும் அட்டையை, மேசையில் அறைந்தேன். "இப்போ 5/5. சாகலை!" அவன் மறுத்தான். நான் கத்தினேன். அவன் கண் கலங்கியது. விட்டுக்கொடுக்கப் பார்த்தான்.

சார் எழுந்து வந்தார். "ஷாக் ஸ்டேக்கில், அதாவது பலிக்கக் காத்திருக்கும் அடுக்கில், இருந்த வரைக்கும் உனக்கு நேரம் இருந்தது. அப்போதே போட்டிருந்தால் பிழைத்திருக்கும். சுற்று முடிவில் வளர்ச்சியும் அடியும் ஒன்றாகவே நீங்கும், அதனால் அப்போதும் சாகாது. நீ தலையாட்டிவிட்டாய். அடி விழுந்ததும், அடுத்து யாரும் எதுவும் போடுவதற்கு முன்னால், அது போய்விட்டது." கோப்பைக் கொடுத்து, எல்லார் முன்னாலும் அந்த விதியை வாசிக்க வைத்தார். இரண்டு முறை. அப்புறம் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

மூன்று வாரம் நான் கழகத்துக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அடிபட்டுச் சாவது வேறு, டஃப்னஸ், அதாவது தாங்கும் வலு, பூஜ்யமாகிப் போவது வேறு. முதலாவதை ரீஜெனரேட் என்ற மீட்புத் திறன் காப்பாற்றும், இரண்டாவதை அதுவும் காப்பாற்றாது. அவருக்கு மிகப் பிடித்தது மோக் ஃபனட்டிக். வெறும் 1/1. கரடியைத் தடுக்க நிறுத்துவார். சண்டை அடி ஸ்டேக்கில் ஏறியதும் அதைப் பலியிட்டு இன்னோர் அடி கொடுப்பார். செத்த பிறகும் அதன் முதல் அடி வந்து விழும். ஒன்றும் ஒன்றும் இரண்டு, கரடி காலி. "சின்னதுதான், ஆனால் நேரம் பார்த்துச் சாகும்" என்பார்.

மலேசியாவில் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, 2003இல் படிக்க வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். 2009 ஜூலையில் சாரிடமிருந்து நான்கு வரி மின்னஞ்சல். விதி மாறிவிட்டதாம், சண்டை அடி இனி ஸ்டேக்கில் ஏறாதாம். ஃபனட்டிக் ஒன்று சண்டையில் அடிக்கலாம், இல்லை தன்னைப் பலியிட்டு அடிக்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. கடைசி வரி: "நீ இன்னும் ஆடுகிறாயா?"

அந்த வாரம் வீடு மாறிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை எழுதலாம் என்று வைத்தேன். பிறகு ஊருக்கு ஐந்து முறை போயிருக்கிறேன், நம் பள்ளிச் சாலை வழியாகவே. ஒரு முறைகூட இறங்கவில்லை.

நேற்றிரவு அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன்.

ஆடுகிறேன், சார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள நூலகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் மேசையில் எடுத்து வைப்பது கரடியும் ஷாக்கும்தான்.