இரும்பு வாணலி, எனாமல் தட்டு, புட்டிங் கிண்ணம்: பதினோரு மாதக் குறிப்புகள்

ஜனவரி

வருடத்துக்கு ஒரு நான்ஸ்டிக் வாணலி வாங்கி உரித்துத் தள்ளியது போதும். இந்த வருடம் இங்கிலாந்தில் செய்த பாத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தந்த மாதம் இங்கே விளைவதைச் சமைத்துப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். பாத்திரங்கள் மூன்று. இரும்பு வாணலி மட்டும் புதிது, ஷ்ராப்ஷயரில் செய்தது. ஆபிரகாம் டார்பி 1707-இல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு வருடம் கழித்து அதே ஷ்ராப்ஷயரின் கோல்புரூக்டேலில், கோக் கரியால் (நிலக்கரியைச் சுட்டு எடுப்பது) இரும்பு உருக்கிக் காட்டினார். என்னுடையது வார்ப்பு இல்லை. தகட்டை லேத்தில் சுழற்றி, அச்சின் மேல் அழுத்தி எடுத்தது. அதனால் ஒரு கையால் தூக்க முடிகிறது.

மற்ற இரண்டும் பழைய சாமான் கடையில் கிடைத்தவை: வெள்ளை எனாமலில் நீலக் கரை போட்ட 'பை' தட்டு (pie: பிசைந்த மாவுக்குள் பழம் வைத்து ஓவனில் சுடும் பண்டம்), தேன் நிறத்தில் கனமான பீங்கான் புட்டிங் கிண்ணம். இந்த நிறக் கிண்ணங்களுக்குப் பெயர்போன ஊர் டெர்பிஷயரில் உள்ள சர்ச் கிரெஸ்லி.

நான் இருப்பது ஷெஃபீல்டில். ஹாரி பிரியர்லி 1913-இல் எவர்சில்வரை உருவாக்கிய ஊர். அங்கே உட்கார்ந்துகொண்டு, கழுவினால் உடனே துடைக்க வேண்டிய பாத்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி

சொதப்பிவிட்டேன்.

சந்தையில் இளஞ்சிவப்பு ருபார்ப் வந்திருந்தது, பழம் போல இனிப்புக்குச் சமைக்கும் புளிப்புத் தண்டு. வேக்ஃபீல்ட், மார்லி, ராத்வெல் வட்டாரத்து இருட்டுக் கொட்டகைகளில் வளர்ப்பது. கிழங்கு இரண்டு வருடம் வெளி வயலில் கிடந்து பனியில் நனைந்து சத்துச் சேர்க்கும். அப்புறம் கதகதப்பான கொட்டகைக்குள் கொண்டுபோனால், வெளிச்சம் தேடித் தண்டு கிடுகிடுவென்று உயரும். வெளிச்சம் பட்டால் இளந்தண்டின் மென்மை போய்விடும் என்பதால் அறுவடைகூட மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். (இலையைத் தின்னக் கூடாது, விஷம்.)

இவ்வளவும் தெரிந்த எனக்கு, அதை இரும்பில் போடக் கூடாது என்பது தெரியவில்லை. அரைக் கிலோ ருபார்ப், நூறு கிராம் சர்க்கரை, ஆரஞ்சுச் சாறு, பதினைந்து நிமிடம். ரோஜா நிறத்தில் வர வேண்டியது சேற்று நிறத்தில் வந்தது. வாயில் வைத்தால் ஆணியை நக்கியது போல இருந்தது. வாணலியின் நடுவே வட்டமாகக் கறுப்புப் படலம் போய் வெறும் இரும்பு பல்லைக் காட்டியது. புளிப்பும், அதிலும் ருபார்பில் இருக்கும் ஆக்சாலிக் அமிலமும், இரும்பைச் சும்மா விடாது. துருக்கறை போக்கவே அந்த அமிலத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதுத் தோசைக்கல்லில் முதல் நாளே புளிக்குழம்பு கொதிக்க வைப்பார்களா? அதைத்தான் செய்திருக்கிறேன்.

மறுநாள் முழுக்க வாணலியைப் பழக்கினேன். உப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, ஆளி விதை எண்ணெய் தடவினேன். தடவியதையெல்லாம் தப்பு என்று நினைத்து அழித்துவிடுவது போலத் துணியால் துடைக்க வேண்டும். கண்ணுக்கு எண்ணெய் தெரியவே கூடாது. அப்புறம் 230 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, ஆறவிட்டு, மறுபடி தடவி... மூன்று முறை. ஆயில் பெயின்டில் கலப்பதும் இதே எண்ணெய்தான். காய்ந்தால் இறுகித் தோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். முதல் சுற்றில் கொஞ்சம் தாராளமாகத் தடவிவிட்டேன், பிசின் போல ஒட்டியது. அதைச் சுரண்டத் தனியாக அரை மணி.

மிச்ச ருபார்பை எனாமல் தட்டில் வைத்து ஓவனில் வேகவிட்டேன். நிறம் அப்படியே நின்றது. எனாமல் என்பது தகட்டின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி, அமிலத்துக்கு அசையவில்லை.

மார்ச்

புட்டிங் கிண்ணத்துக்கு முதல் வேலை. 175 கிராம் வெண்ணெய், அதே அளவு சர்க்கரை, அதே அளவு மாவு, மூன்று முட்டை, அடியில் கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு). இட்லி குண்டானில் தட்டை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை இறக்கினேன். மேலே ஃபாயிலை இறுக்கமாக மூடியதுதான் தப்பு. மாவு உப்பி ஃபாயிலைத் தள்ள, ஓரம் விலகித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கூழ்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். கேட்டுவிட்டுச் சிரித்தார். தாளையும் ஃபாயிலையும் சேர்த்து நடுவில் ஒரு மடிப்பு விட வேண்டுமாம், புட்டிங் உப்பும்போது அது விரிந்துகொடுக்கும். கிண்ணத்தின் வாய் ஏன் இப்படித் தடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நூல் அதற்குக் கீழே மாட்டினால் நழுவாது. கட்டிய நூலிலேயே குறுக்கே ஒரு கைப்பிடியும் போட்டுக் காட்டினார், கொதிக்கும் பானையிலிருந்து தூக்க. இரண்டாவது முயற்சி ஒன்றே முக்கால் மணி நேரம் வெந்து, கவிழ்த்ததும் பொத்தென்று முழுசாக விழுந்தது.

மே

அஸ்பாரகஸ், இளந்தண்டாகச் சாப்பிடும் காய். அதன் பருவம் ஏப்ரல் 23-இல் தொடங்கி ஜூன் 21 வரை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாணலியில் வெண்ணெய், உப்பு, நான்கு நிமிடம். படலம் கருகருவென்று ஏறிவிட்டது, முட்டை வழுக்குகிறது.

ஜூலை

சம்மர் புட்டிங். ராஸ்பெர்ரி, ரெட்கரன்ட், பிளாக்கரன்ட் எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ, சர்க்கரையுடன் மூன்று நிமிடம் சூடு. புட்டிங் கிண்ணத்தின் உள்சுவரில் நேற்றைய ரொட்டித் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, பழத்தை ஊற்றி, மேலே ரொட்டி மூடி, சின்னத் தட்டு, தட்டின் மேல் இரண்டு தக்காளி டின். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில். கடையில் விற்கும் பஞ்சு ரொட்டி களியாகிவிடும். கொஞ்சம் காய்ந்த பேக்கரி ரொட்டி வேண்டும். இந்த வருடத்தில் செய்ததிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது.

செப்டம்பர்

வேலியோரம் பறித்த பிளாக்பெர்ரி, பிராம்லி ஆப்பிள். பிராம்லியின் முதல் மரம் நாட்டிங்ஹம்ஷயரின் சவுத்வெல்லில், மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற பெண் 1809-இல் போட்ட விதையிலிருந்து முளைத்தது. பெயர் மட்டும் பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்காரருக்குப் போய்விட்டது. கடித்தால் பல் கூசும் புளிப்பு, எனவே எனாமல் தட்டு. மெல்லிய தகடு சட்டென்று சூடேறுவதால் பையின் அடிமாவும் மொறுமொறுவென்று வெந்தது. கண்ணாடித் தட்டில் எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. செப்டம்பர் 29-க்கு அப்புறம் பிளாக்பெர்ரி பறிக்கக் கூடாது, சாத்தான் எச்சில் துப்பிவிடுவான் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. மழையில் ஊறிப் பழம் சப்பென்று ஆகிவிடும் காலம்தான் அது.

நவம்பர்

அட்வென்ட்டுக்கு (கிறிஸ்துமஸுக்கு முன் வரும் காத்திருப்புக் காலம்) முந்தைய ஞாயிறு, கிறிஸ்துமஸ் புட்டிங் கிளறும் நாள். உலர்திராட்சை, கொழுப்பு, ரொட்டித்தூள், பிராந்தி எல்லாம் போட்டு, வீட்டில் ஆளுக்கொரு முறை கிழக்கிலிருந்து மேற்காகக் கிளறினோம். குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ஞானிகள் வந்த திசையாம். மடிப்பு விட்டு, நூல் கட்டி, எட்டு மணி நேரம் ஆவியில். முக்கால் மணிக்கு ஒருமுறை கொதிநீர் ஊற்ற வேண்டியிருந்ததால் வீட்டை விட்டு நகர முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிந்தது.

அதிர்ஷ்டத்துக்காக உள்ளே போட ஒரு பழைய ஆறு பென்ஸ் வெள்ளிக்காசைப் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்திருக்கிறார். வெந்நீரில் கொதிக்க வைத்துப் போட்டாயிற்று. யார் தட்டில் விழுந்தாலும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய கண்டிஷன்.