இடது ஓரம்

பிப்ரவரி 6

இடது கண்ணில் கழன்ற விழித்திரையை ஒட்டவைத்து, அது பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு வாயுக் குமிழ் விட்டிருக்கிறார்கள். அந்தக் கண்ணில் பார்வையின் இடது ஓரம் இருட்டு. குப்புறப் படுத்தாயிற்று. மணிக்கு ஐம்பது நிமிடம் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும். மிச்சம் பத்து நிமிடம் எனக்குச் சொந்தம். நோட்டைத் தரையில் வைத்து, கையைத் தொங்கவிட்டு எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் போகட்டும்.

பிப்ரவரி 7

காலையிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அக்கா வந்து, "ஏதாவது விரிச்சு வைக்கவாடா?" என்றாள். எதைக் கேட்பேன் என்று அவளுக்கே தெரியும். அலமாரியின் மேல்தட்டிலிருந்து சுருளை எடுத்து வந்தாள்.

பாய்ட்டிங்கர் சுருளின் அச்சுப் பிரதி. ரோமச் சாலைகளைக் காட்டும் நிலப்படம். அசல் வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துப் படம் ஒன்றைப் பார்த்து 13ஆம் நூற்றாண்டு வாக்கில் தோலில் படியெடுத்தது. நீளம் ஏறக்குறைய 6.8 மீட்டர், உயரம் ஒரு முழம்கூட இல்லை. என் பிரதி அதைவிடச் சிறியது. கட்டிலுக்கு அடியில் நீட்டி, என் முகத்துக்கு நேரே ஒரு துண்டு தெரியும்படி வைத்தாள். நான் சொல்லச் சொல்ல இழுக்கிறாள். நிலம் எனக்குக் கீழே நகர்கிறது.

உலகத்தை முழ அகலத்துக்குள் அடக்க வேண்டியிருந்ததால் மத்தியதரைக் கடல் வாய்க்காலாகிவிட்டது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கையை நீட்டினால் இத்தாலியைத் தொடலாம். ஆனால் சாலைகள்! சிவப்புக் கோடு ஓடிக்கொண்டே வந்து ஒவ்வொரு தங்கலிலும் சின்னதாக ஒரு மடிப்பு மடிகிறது. பக்கத்தில் ஊர் பெயர், அடுத்த தங்கலுக்கு எத்தனை மைல் என்று ஓர் எண். இரட்டைக் கோபுரம் போட்டிருந்தால் பெரிய ஊர். சதுரக் கட்டடமும் நடுவில் நீரும் இருந்தால் அங்கே குளிக்கலாம்.

இந்த முறைதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் பார்த்தும் எப்படித் தவறவிட்டேன்? இந்தப் படத்தில் எங்கேயும் பேரரசுக்கு எல்லைக்கோடு இல்லை. ரோமுக்கு இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் அவர்களுடையது என்று எதுவும் கிடையாது. சாலை போகும் வரை போகிறது.

பிப்ரவரி 8

கழுத்து வலி. தூக்கமே இல்லை.

பாம்பேயி அந்தச் சுருளில் இருக்கிறது. கி.பி. 79-இல் சாம்பலில் புதைந்துபோன ஊர். அதே தோலில் கான்ஸ்டான்டினோப்பிளும் இருக்கிறது, 330-இல் தலைநகராக எழுந்தது. படியெடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்களே தவிர எதையும் அழிக்கவில்லை. இராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9

இடது ஓரம் இன்னும் இருட்டுத்தான்.

பிப்ரவரி 10

"இந்தக் கடைசித் துண்டு ஏன் மடிச்சிருக்கு?" என்று அக்கா கேட்டாள். கடைசி இல்லை, அதுதான் முதல். இடது கோடி.

அசலில் மிஞ்சியிருப்பது பதினோரு தாள்கள். அவற்றுக்கும் இடதுபுறம் இருந்த தாள் தொலைந்துவிட்டது. அதில் ஸ்பெயினும் பிரிட்டனின் பெரும்பகுதியும் இருந்திருக்கும். பிரிட்டனுடைய தென்கிழக்கு மூலை மட்டும் அடுத்த தாளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு தப்பித்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொன்ராட் மில்லர் என்ற ஜெர்மானிய அறிஞர், பழைய வழிப்பட்டியல்களையெல்லாம் வைத்து அந்தத் தாள் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டினார். என் பிரதியில் அதையும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கிய நாளிலேயே நான் அதைப் பின்பக்கமாக மடித்துவிட்டேன். இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சுருள் எப்படித் தேயும் என்று யோசித்துப் பார்க்கிறேன். திறக்கிறவன் கை முதலில் படும் இடம் வெளிநுனி. பிரிக்கும்போதெல்லாம் அது மடங்கும், கிழியும், ஈரம் குடிக்கும். உள்ளே சுருண்டிருப்பது பத்திரமாக இருக்கும். அப்படியென்றால் முதல் தாள் தொலைந்ததற்கே காரணம் அதைப் பல பேர் ஆசையாகத் திறந்து பார்த்ததாக இருக்குமோ? என்னுடைய ஊகம்தான். ஆனால் இன்று மத்தியானத்திலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. ஓரம் முதலில் போகிறது. போவது தெரிவதும் இல்லை. என் கண்ணோரம் இருண்டபோதும், திரை விலகாத ஜன்னல் என்று நினைத்து மூன்று நாள் சும்மா இருந்தேனே.

அசலை இப்போது யாருக்கும் காட்டுவதில்லை. 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தபோது நவம்பர் 26 அன்று ஒரே ஒரு நாள் பார்வைக்கு வைத்தார்கள்.

பிப்ரவரி 11

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

என்னிடம் இருக்கும் ஒரே அசல் தாளை எடுத்து வரச் சொன்னேன். 17ஆம் நூற்றாண்டு, ஆம்ஸ்டர்டாம், நிலப்படம் அச்சிட்ட பிளாவ் குடும்பத்தின் அச்சு. துருக்கியப் பேரரசு. தரையில் வைத்தால் வலது கண்ணுக்குச் சுமாராகத் தெரிந்தது. சும்மா ஓர் எண்ணம், வலது கண்ணை மூடிக்கொண்டு தாளை இடது கண்ணுக்குப் பக்கத்தில், நாலு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். குமிழ் வழியாக எல்லாம் தெரிந்தது! ஐந்து நாளாக வெறும் கலங்கலாக இருந்த கண்ணில், பூதக்கண்ணாடி வைத்ததுபோல.

செப்புத் தகட்டில் உளியால் கீறிய கோடு காகிதத்தில் மையாக ஏறியிருப்பதைக் கண்டேன். ஒவ்வொரு கோடும் ஒரு சின்ன வரப்பு. நடுவில் தடித்து நுனியில் மெலிகிறது, அங்கேதான் செதுக்கியவன் கையை எடுத்திருக்கிறான். காகிதத்தில் துணியின் நார் ஒன்று ஒட்டியிருக்கிறது. அக்காலக் காகிதம் பழந்துணியிலிருந்து வந்ததுதானே.

அப்புறம் எல்லை. பேரரசைச் சுற்றி யாரோ தூரிகையால் பச்சை பூசியிருக்கிறார்கள். அந்தப் பச்சை செம்பிலிருந்து எடுத்தது. பாத்திரத்தில் பூக்குமே களிம்பு, அதே சரக்கு. வருடம் போகப் போக அது காகிதத்தைத் தின்னும். பச்சை ஓடிய இடமெல்லாம் முதலில் பழுப்பாகி, பிறகு மொறுமொறுத்து, இப்போது இரண்டு இடத்தில் விண்டே போயிருக்கிறது. கருங்கடலுக்கு மேலே விரிசல் வழியாக அக்காவின் விரல் தெரிந்தது. மலை அப்படியே இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஊர் பெயர் ஒன்றுகூட அழியவில்லை. எல்லை மட்டும் உதிர்கிறது.

அச்சில் அந்தப் பச்சை கிடையாது. அச்சடித்தபின் கையால் பூசுவது, அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஆர்ட்டீலியஸே முதலில் அந்த வேலைதான் பார்த்தார். 1547-இல் ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் நிலப்படத்துக்கு வண்ணம் தீட்டுகிறவராகத்தான் சேர்ந்தார். 1570-இல் உலகின் முதல் நவீன அட்லஸை வெளியிட்டவர்.

பிப்ரவரி 12

சொட்டு மருந்து தாள்மேல் விழுந்துவிட்டது.

அக்கா மேல் தப்பில்லை. மருந்து போட்டதும் தலையைக் கவிழ்த்தது நான், தாளை எடுக்கச் சொல்ல மறந்ததும் நான். சைப்ரஸுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் துடைக்கப் போனாள், "தொடாதே!" என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் எழுந்து போய் உறிஞ்சுதாள் கொண்டு வந்து, நான் சொன்னபடி தேய்க்காமல், மெல்ல வைத்து எடுத்தாள்.

அந்த வண்ணங்களைப் பிசினில் குழைத்துப் பூசியிருப்பார்கள். பிசின் தண்ணீரில் கரையும். ஆனால் காகிதத்துக்கு விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசை பூசியிருக்கும், அது நீரை உடனே உள்ளே விடாது. இரண்டில் எது ஜெயித்தது என்று தெரியவில்லை. விழுந்தது மருந்தா கண்ணீரா என்றும் தெரியவில்லை. எதுவானாலும் அதில் உப்பு இருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பச்சைக்கு ஈரம் ஆகவே ஆகாது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த தாள். அதன் செப்புத் தகடுகூட இன்று இருக்குமா? 1672-இல் பிளாவ் அச்சகம் தீப்பிடித்து எத்தனையோ தகடுகள் உருகிப்போயின. அடுத்த வருடம் யோவான் பிளாவும் போய்விட்டார். தகடு போனபின் தாள்தான் மிச்சம். அதில் நான் சொட்டு விடுகிறேன்.

1571 வரை வெனிஸ் வைத்திருந்த தீவு அது. பிறகு துருக்கியர் பிடித்தார்கள். சாயம் பிடித்த தீவு. அந்தச் சாயம் கடலுக்குள் ஓடியிருக்கிறதா? வலது கண்ணுக்கு ஓடியிருப்பதுபோலவும் இருக்கிறது, நிழல்போலவும் இருக்கிறது.

மணி இரண்டு. அக்கா பக்கத்து அறையில் தூங்குகிறாள். காலையில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 13

கேட்டேன். "போடா" என்றாள். சாயம் ஓடவில்லை என்கிறாள். ஒரு வட்டம் மட்டும் இருக்கிறதாம்.

ஆர்ட்டீலியஸ் தன் வரலாற்றுப் படங்களுக்கு முகப்பில் "புவியியல் வரலாற்றின் கண்" என்று பொறித்து வைத்தார். இன்று அந்த வரியை நினைக்கவே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14

பரிசோதனை. ஒட்டியிருக்கிறது என்றார்கள். பக்கவாட்டில் படுக்கலாம். குமிழ் கரையும் வரை விமானம் கூடாது. ஓரத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "பொறுத்துப் பார்ப்போம்."

பிப்ரவரி 16

நிமிர்ந்து உட்கார்ந்தால் குமிழுக்கு ஒரு விளிம்பு தெரிகிறது. அதற்கு மேலே உலகம், கீழே தண்ணீர் தளும்புவதுபோல. நேற்றைவிட இன்று கோடு இறங்கியிருக்கிறது.

அக்கா ஒரு கேள்வி கேட்டாள். "இவ்வளவு ஆசையா பாக்குறியே, இந்தப் பேரரசுக்காரங்க எத்தனை ஊரை எரிச்சிருப்பாங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தியாவை அளந்த ஆங்கிலேயர் ரென்னல் 1782-இல் வெளியிட்ட 'ஹிந்துஸ்தான்' படத்தைக் காட்டினேன். மூலையில் அலங்காரச் சித்திரம். பண்டிதர்கள் வரிசையாக வந்து தங்கள் சாஸ்திர ஏடுகளைப் பிரிட்டானியா தேவியிடம் ஒப்படைக்கிறார்கள். யார் யாரிடம் எதைக் கொடுத்தார்கள்? படத்தைப் பார்க்கிறவன் நிலத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இதை நம்பிவிட வேண்டும். ஆனாலும் அந்தப் படத்தில் ஆறுகளை அவர் பின்பற்றியிருக்கும் அழகு இருக்கிறதே, அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. இரண்டும் ஒரே தாளில்தான்.

இன்னொன்றும் சொன்னேன். துருக்கியப் பேரரசைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கு போடப் பேசிய காலம். 1915 டிசம்பரில் மார்க் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் லண்டனில் அமைச்சர்கள் முன்னால் படத்தை விரித்து, மத்தியதரைக் கடற்கரையிலுள்ள ஏக்கர் என்ற ஊர் பெயரின் கடைசி எழுத்திலிருந்து இராக்கிலுள்ள கிர்குக்கின் கடைசி எழுத்து வரை ஒரு கோடு இழுக்க விரும்புவதாகச் சொன்னார். ஊரிலிருந்து ஊருக்குக்கூட இல்லை, அச்செழுத்திலிருந்து அச்செழுத்துக்கு. அந்தப் பெயரை அங்கே பொறித்தவன் இடம் இருக்கும் பக்கமாகப் பொறித்திருப்பான், அவ்வளவுதான். இன்னொரு விரற்கடை தள்ளிப் பொறித்திருந்தால்?

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த ரோடு போட்ட படத்தையே எடுக்கட்டுமா?" என்றாள்.

பிப்ரவரி 17

தூக்கம் வரவில்லை. பாபிலோனியர்களின் களிமண் உலகப்படம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நடுவில் பாபிலோன், சுற்றிலும் வட்டமாகக் கடல். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கசப்பு ஆறு.

பிப்ரவரி 19

இன்று நல்ல நாள். அக்காவுக்குக் காந்தினோ படத்தின் கதையைச் சொன்னேன். போர்த்துகல் தன் கடல்வழிகளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம். இத்தாலியின் ஃபெராரா கோமகனுக்காக ஆல்பெர்ட்டோ காந்தினோ என்பவர் லிஸ்பனில் ரகசியமாக ஒரு படம் வரையவைத்து, 12 பொன் காசு கொடுத்து, 1502-இல் வெளியே கொண்டுபோனார். 1494-இல் ஸ்பெயினும் போர்த்துகலும் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்ட கோடு அதில் மேலிருந்து கீழாக இறங்குகிறது. 1859 கலவரத்தில் மொதேனா அரண்மனையிலிருந்து படம் காணாமல் போனது. பின்னால் ஜுசெப்பே போனி என்பவர் கண்டுபிடித்தார். எங்கே தெரியுமா? ஓர் இறைச்சிக் கடையில் தட்டியாகக் கட்டியிருந்தார்கள்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பல நாள் கழித்து.

பிப்ரவரி 21

சுருளை வலது கோடி வரை இழுத்தோம். மைல் கணக்கு வழியிலேயே மாறுகிறது. இன்றைய பிரான்ஸ் இருக்கும் பக்கம் லீக், பாரசீகத்தில் பரசங். ரோமால் தன் மைலைக்கூட எல்லா இடத்திலும் நடத்த முடியவில்லை என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது.

கோடியில் முசிறி. பக்கத்தில் ஓர் ஏரி, அருகே 'அகஸ்டஸ் கோயில்' என்று எழுதிய சின்னக் கட்டடம். "நம்ம முசிறியா?" என்று அக்கா தரையில் மண்டியிட்டுக் குனிந்தாள். அதேதான். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் மரக்கலங்களின் முசிறி. ரோமின் ஆட்சி ஒருநாளும் அங்கே எட்டியதில்லை. ஆனால் படத்தில் இருக்கிறது, எல்லா ஊரையும்போல. எல்லைக்கோடு போட்டிருந்தால் முசிறி வெளியே நின்றிருக்கும். அக்கா விரலால் அந்தக் கட்டடத்தைத் தொட்டுக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தாள்.

பிப்ரவரி 22

குமிழ் ஒரு மிளகளவு. நடந்தால் குதிக்கிறது.

பிப்ரவரி 23

இடது ஓரத்தில் ஏதோ அசைந்தது. அக்காவின் கையா, திரைச்சீலையா? அவளிடம் சொல்லவில்லை. சொல்லி, இல்லாமல் போய்விட்டால்?

பிப்ரவரி 24

குமிழ் இல்லை. காலையில் தேடிப் பார்த்தேன், இல்லை.

மடித்து வைத்திருந்த மில்லரின் தாளைப் பிரித்தேன். இத்தனை வருட மடிப்பு நேராக மறுக்கிறது, இரண்டு புத்தகங்களை வைத்து அழுத்தியிருக்கிறேன். மனுஷன் எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்! வழிப்பட்டியலில் இருந்த ஊர்களை வைத்து ஒவ்வொரு தங்கலாக, மற்றத் தாள்களின் கை எப்படி ஓடுகிறதோ அதே கையில். தெரிந்த சாலை எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறார். இதை நான் ஏன் பின்பக்கம் மடித்தேன்?

வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் எண்களைப் படிக்க உட்கார்ந்தேன். எழுத்து நெளிகிறது. அக்கா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்பது சரி. அடுத்தது பத்தா ஐந்தா என்று குழம்பினேன்.