அப்பாவின் சி.டி. 100: இறுகிப்போன இரண்டு சைலன்சர் ஸ்டட்கள்

தூத்துக்குடியில் உப்பளத்துக்குத் தினமும் போய்வந்த வண்டி இது. 1991 மாடல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. அப்பா தவறிய பிறகு ஏழு வருஷம் வீட்டுச் சாய்ப்பில் சாக்குப் போர்த்தி நின்றது. போன தை மாதம்தான் வெளியே எடுத்தேன். கார்புரேட்டர், கிளட்ச் பிளேட், வயரிங் எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தன. சைலன்சரைக் கழற்றத்தான் மூன்று வாரம் ஆனது.

சைலன்சர் பைப்பை என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு பிடித்திருப்பவை இரண்டே ஸ்டட்கள், அதாவது தலையில்லாத மரைக் கம்பிகள். எம் 6 அளவு, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன், சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடி கட்டும். இரும்பு தன் பங்குக்குத் துருப்பிடித்து வீங்கும். மரைக்குள் ஊசி நுழையக்கூட இடமிருக்காது. இதற்கு மேல் தினமும் சூடாகி ஆறிய பல வருஷக் கணக்கு. நட்டில் ஆறு மூலை இருந்த இடம் உருண்டையாகத் தெரிந்தது.

முதல் வேலை, கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டியது. பிறகு அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கார் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் சரிபாதி கலந்து, காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூன்று நாள். ஒவ்வொரு முறையும் சின்னச் சுத்தியலால் நட்டின் தலையில் பத்துத் தட்டு. இந்தத் தட்டுதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். தட்டாமல் ஊற்றினால் ஆயில் மேலேயே வழிந்து போய்விடும்.

நாலாம் நாள் இடதுபக்க நட்டில் 10-ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டேன். பன்னிரண்டு மூலை வேண்டாம், ஆறு மூலை பாக்ஸ்தான் மழுங்கின நட்டைப் பிடிக்கும். அழுத்தினேன், நகர்ந்தது. சத்தமே இல்லாமல், மெத்தென்று கால் சுற்று வந்தது. கழன்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினேன். டப். நட்டும் துண்டு ஸ்டட்டும் பாக்ஸுக்குள் வந்துவிட்டன. மீதி ஹெட்டில் 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அந்த மெத்தென்ற நகர்வை இதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நட் கழன்றால் முதலில் ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு, பிறகு கீச்சுச் சத்தம், கையில் சொரசொரப்பு. இவை எதுவும் இல்லாமல் ஸ்பேனர் இளகி வந்தால், உள்ளே ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வலதுபக்கத்துக்கு அவசரமே படவில்லை. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்தேன். அசிட்டோன் ஊறிய இடத்தில் நெருப்பு காட்டக்கூடாது என்பதால் நன்றாகத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். பிறகு கேஸ் டார்ச்சால் நட்டையும் ஸ்டட் இறங்கும் இடத்தையும் சுற்றிச்சுற்றி இரண்டு நிமிஷம் சூடு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை ஸ்டட்டை விட்டு விலகும். ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரிச் சிவந்து எச்சரிக்காது, திடீரென்று உருகிவிடும். அதனால் பக்கத்தில் துணி சோப்பைத் தேய்த்து வைத்திருந்தேன். சோப்புக் கோடு பழுப்பாக மாறியதும் டார்ச்சை எடுத்தேன்.

சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் அடியில் வைத்தேன். மெழுகு உருகி ஓடி, மரைக்குள் உறிஞ்சப்பட்டு மறைவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆறவிட்டு மறுபடி சூடு, மறுபடி மெழுகு. மூன்றாவது முறைதான் ஸ்பேனர். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அழுத்தினேன். டிக்! பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப உள்ளே அரைக்கால், மறுபடி வெளியே. இருபது நிமிஷத்தில் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் முழுசாகக் கையில் வந்தது. மரை நெடுக வெள்ளைப் பொடியும் செம்மண் நிறத் துருவும் மாறிமாறி அப்பியிருந்தன.

உடைந்ததற்கு ஹெட்டையே கழற்றி லேத் பட்டறை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். துண்டில் துளை போட்டு, அதில் முறுக்கி இறக்கி வெளியே எடுக்கும் ஈஸி அவுட் போடலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம் தம்பி. அது உள்ள முறிஞ்சா டிரில் பிட்டே ஏறாது. வெல்டு வைப்போம், அந்தச் சூட்டுக்கே பாதி விட்டுரும்.”

நீட்டியிருந்த துண்டின் மேல் ஒரு வாஷர், அதோடு துண்டைச் சேர்த்து ஒரு வெல்டு. அதன் மேல் எம் 8 நட், நடுத்துளைக்குள் இன்னொரு வெல்டு. 2.5 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு. இரும்பு வெல்டு அலுமினியத்தில் பிடிக்காது என்பது இங்கே நமக்குத் துணை. முதல் தடவை நட் மட்டும் பிய்ந்து வந்தது. அண்ணாச்சி முகம்கூட மாறவில்லை, இன்னொன்று எடுத்து வைத்தார். இரண்டாவது தடவை சிவப்பு அடங்கியதும் என் மெழுகுவர்த்தியைக் கேட்டு வாங்கித் தேய்த்தார். 13-ஆம் நம்பர் ஸ்பேனரில் முன்னும் பின்னுமாக ஆட்ட, கீச்சென்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

துளைக்குள் மரை கெடாமல் தப்பியிருந்தது, கெட்ட மரைக்குப் பதிலாகப் போடும் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் தேவைப்படவில்லை. மரை வெட்டும் எம் 6 டேப்பில் மண்ணெண்ணெய் தொட்டு, கையாலேயே, அரைச்சுற்று உள்ளே கால் சுற்று வெளியே என்று சுத்தம் செய்தேன்.

புது ஸ்டட், புது நட், புது கேஸ்கட். மறுபடி இறுகிப்போகாமல் இருக்க, மரையில் செம்பு கலந்த ஆன்டி சீஸ் பேஸ்ட் மெல்லிசாக. இரண்டு நட்டையும் மாறிமாறி இறுக்கி 10 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன். வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது.

நேற்றோடு 400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என்ஜின் ஆறிய பிறகு இடதுபக்க நட்டை மட்டும் கழற்றிப் பார்த்தேன். ஸ்பேனரில் அரைச்சுற்று, மீதி விரலாலேயே வந்தது.